ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே 18%: அமெரிக்க உணவகங்களின் கட்டாய டிப்ஸ் எப்படி?

அமெரிக்காவில் ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து ஒரே மேசையில் சாப்பிட்டால், பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீத டிப்ஸைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடும். எத்தனை பேருக்கு மேல், எத்தனை சதவீதம் என்பது கடைக்குக் கடை மாறும். ஆறு பேர், 18% என்பது பரவலாகக் கண்ணில் படுவது. எட்டுப் பேர், 20% என்பதும் உண்டு. பிறந்தநாள், பட்டமளிப்பு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு இரண்டு குடும்பம் சேர்ந்து போகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்று அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் வெளியே போவது பெரும்பாலும் கூட்டமாகத்தான். ஆகவே இந்த ஏற்பாட்டையே ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, எங்கே ஒழுங்காக நடக்கிறது, எங்கே கையைக் கடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய கூட்டத்துக்குக் கட்டாய டிப்ஸ் போடுவது நியாயமான ஏற்பாடு. மெனுவில் முன்கூட்டியே எழுதியிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சேர்த்த பிறகும், கையெழுத்துப் போடும் ரசீதில் ‘டிப்’ என்று இன்னொரு காலிக் கோட்டை விட்டுவைக்கும் பழக்கம் மோசமானது. விவரம் தெரியாதவர் அந்தக் கோட்டில் மறுபடியும் 20% எழுதிவிடுகிறார். இந்த ஏற்பாட்டின் மேல் எங்களுக்கு இருக்கும் பெரிய குறை இது ஒன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணங்களில் முதலாவது சம்பளம். கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இல் இந்த அளவுக்கு வந்த தொகை இன்றுவரை ஏறவில்லை. மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதுவும் 2009-இல் இருந்து அங்கேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள 5.12 டாலரை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இந்த 2.13 தான் இன்றும் நடைமுறை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மோன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். அதற்காக அங்கே டிப்ஸ் வழக்கம் குறைந்துவிடவில்லை. சான் ஹோசேயிலும் சியாட்டிலிலும் மேசைக்கு 18 முதல் 20 சதவீதம்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மேசைக் கணக்கு. ஒரு சர்வர் கையில் சாதாரணமாக நான்கைந்து மேசைகள் இருக்கும். பத்துப் பேர் வந்தால் அதில் இரண்டு மூன்றை இழுத்து ஒட்டுவார்கள். கூட்டம் முழுதும் வந்துசேரவே அரை மணி நேரம், பேசிப் பேசி ஆர்டர் சொல்ல இன்னொரு அரை மணி, கடைசியில் கேக் வெட்டி, படம் எடுத்து எழுந்திருக்கும்போது இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் அதே மேசைகளில் இரண்டு சுற்று ஆட்கள் சாப்பிட்டுப் போயிருப்பார்கள். கூட்டம் டிப்ஸ் வைக்காமல் போனால் அந்த சர்வருக்கு அன்றைய மாலையில் பாதி வீண்.

வெளியாருக்குத் தெரியாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. சர்வர் தனக்கு வரும் டிப்ஸில் மேசை துடைப்பவர், தட்டு எடுத்து வருபவர், பார்டெண்டர், சில இடங்களில் வாசலில் நின்று இடம் காட்டுபவர் ஆகியோருக்குப் பங்கு தர வேண்டும். பல கடைகளில் இந்தப் பங்கை வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடுவதில்லை. அவர் மேசைகளின் விற்பனையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். விற்பனையில் 4% பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 டாலர் பில்லுக்கு அவர் 16 டாலரை எடுத்து வைத்தாக வேண்டும். அந்த மேசை ஒரு காசும் வைக்காமல் எழுந்து போனால், அந்த 16 டாலர் அடுத்த மேசைகளில் கிடைத்த டிப்ஸிலிருந்து போகிறது. அதாவது, உங்களுக்குப் பரிமாறியதற்கு அவர் தன் கைப்பணத்தைக் கொடுக்கிறார்.

கூட்டம் குறைவாக வைக்கும் என்ற பயம் கற்பனையும் அல்ல. சமூக உளவியலாளர் பிப் லட்டானே உள்ளிட்டோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, மேசையில் ஆட்கள் கூடக் கூட டிப்ஸின் சதவீதம் இறங்குவதைக் காட்டியது. ஒவ்வொருவரும் மற்றவர் வைப்பார் என்று விட்டுவிடுவது ஒரு காரணம். பத்துப் பேர் தலைக்கு இவ்வளவு என்று பணம் போடும்போது தன் பங்கின் வரியையும் டிப்ஸையும் மறந்து, மெனுவில் உள்ள விலையை மட்டும் போடுபவர் ஒருவராவது இருப்பார் என்பது இன்னொன்று. ‘நல்ல சேவைக்குத்தானே டிப்ஸ், அதை ஏன் கட்டாயமாக்க வேண்டும்’ என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகளின்படி, சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெல்லியது.

இனி பில்லுக்கு வருவோம். இரண்டு காகிதங்கள் வரும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதலில் வருவது பதார்த்த வாரியாக அச்சிட்ட பில். அதில் உணவின் கூட்டுத்தொகை, அதன் கீழே கட்டாய டிப்ஸ், விற்பனை வரி, மொத்தம் என்று வரிசையாக இருக்கும். கட்டாய டிப்ஸுக்கு ஒரே பெயர் கிடையாது: ‘ஆட்டோ கிராட்’, ‘கிராட்யுட்டி 18%’, ‘லார்ஜ் பார்ட்டி’, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் கார்டைக் கொடுத்ததும் அது தேய்க்கப்பட்டு, இரண்டாவது காகிதம் வரும். அதில் பதார்த்தங்களோ கட்டாய டிப்ஸோ இருக்காது. மொத்தத் தொகை, கீழே ‘டிப்’ என்று ஒரு கோடு, அதன் கீழே ‘டோட்டல்’ என்று ஒரு கோடு. அவ்வளவுதான். பில்லைச் சரியாகப் பார்க்காமல் கார்டை நீட்டியவருக்கு, 18% ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று அந்த இரண்டாவது காகிதம் சொல்லவே சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர், உணவு 400 டாலர். ஹியூஸ்டனில் விற்பனை வரி 8.25%, அதாவது 33 டாலர். கட்டாய டிப்ஸ் 18%, 72 டாலர். மொத்தம் 505. இரண்டாவது காகிதத்தில் இந்த 505 மட்டும் இருக்கிறது. வழக்கம்போல 20% என்று நினைத்து 101 டாலரை எழுதினால் மொத்தம் 606. நீங்கள் வைத்த டிப்ஸ் 72-உம் 101-உம் சேர்த்து 173 டாலர். 400 டாலர் உணவுக்கு 43 சதவீதத்துக்கும் மேல். கையடக்கக் கருவியில் கட்டும் இடங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். திரையில் 18, 20, 25 என்று மூன்று பொத்தான்கள், எதிரே சர்வர், பக்கத்தில் விருந்தாளிகள். யார் நிறுத்திப் படிப்பார்கள்?

ஆகவே முதல் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை கார்டைக் கொடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ‘டிப்ஸ் சேர்த்துவிட்டீர்களா’ என்று சர்வரிடம் நேராகக் கேட்கலாம். அங்கே அது அன்றாடம் கேட்கும் கேள்வி, மரியாதைக் குறைவு இல்லை. இரண்டாவது காகிதத்தில் ‘டிப்’ கோட்டைக் காலியாக விடாமல் குறுக்கே ஒரு கீறல் போடுங்கள். ‘டோட்டல்’ கோட்டில் 505.00 என்று எண்ணால் எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைப் பிரதியை மேசையில் வைத்துவிட்டு வாடிக்கையாளர் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் தர மனமிருந்தால், எதிர்பார்ப்புக்கு மேல் பார்த்துக்கொண்டவருக்கு ஐந்தோ பத்தோ டாலர் ரொக்கமாகக் கையில் கொடுப்பது அழகு. 18% ஏற்கெனவே போய்விட்ட பிறகு எதுவும் கூடுதலாக வைக்காமல் எழுந்து வருவதிலும் தவறே இல்லை.

கார்டில் டிப்ஸ் எப்படி ஏறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கார்டைத் தேய்க்கும்போது வங்கியிடம் 505 டாலருக்கு மட்டும் அனுமதி வாங்குகிறார்கள். நீங்கள் எழுதிய டிப்ஸை நீங்கள் போன பிறகு சர்வர் கையால் பதிவு செய்கிறார். இறுதித் தொகை ஓரிரு நாள் கழித்துதான் கணக்கில் தெரியும். எண் தவறாகப் பதிவானால் அப்போதுதான் பிடிபடும். வாடிக்கையாளர் பிரதியை அதுவரை வைத்திருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் கடை மேனேஜரைக் கூப்பிடுங்கள். அவர் சரிசெய்யாவிட்டால் மட்டும் வங்கிக்குப் போங்கள்.

சதவீதத்தை எதன்மேல் போடுவது என்ற கேள்விக்கு மரபான விடை: வரிக்கு முந்தைய தொகைமேல். கூப்பனோ தள்ளுபடியோ இருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய தொகைமேல், ஏனென்றால் சர்வரின் வேலை பாதியாகவில்லை. சில கருவிகளின் திரை, வரியையும் சேர்த்த தொகைக்குச் சதவீதம் போட்டுக் காட்டும். நியூயார்க் நகரத்தில் வரி 8.875%, அதை இரண்டால் பெருக்கினால் 17.75%, கிட்டத்தட்ட 18 என்று மனக்கணக்குப் போடுவது அவ்வூர் வழக்கம். இந்தச் சூத்திரத்தை ஓரிகனுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே விற்பனை வரியே கிடையாது.

கட்டாய டிப்ஸ்மேல் விற்பனை வரி விழுமா? பலருக்கு இதில் குழப்பம், காரணம் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிஃபோர்னியாவில் விழும். விருப்பப்பட்டு வைக்கும் டிப்ஸுக்கு வரி இல்லை, கடை கட்டாயமாகச் சேர்த்தால் வரி உண்டு. 400 டாலர் உணவு, 72 டாலர் கட்டாய டிப்ஸ், வரி 9% என்றால் 36 டாலருக்குப் பதில் 42.48 டாலர் வரி. டெக்சாஸில் தனியாகக் குறிப்பிட்டு, முழுவதையும் ஊழியர்களுக்கே கொடுத்தால், 20% வரையிலான கட்டாய டிப்ஸுக்கு வரி இல்லை. நியூயார்க்கில், டிப்ஸ் என்று பில்லில் தனியாகக் காட்டி, முழுத் தொகையும் ஊழியருக்குப் போனால் வரி இல்லை. ஆகவே கலிஃபோர்னியா பில்லில் வரி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் கடை ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த 72 டாலர் யாருக்குப் போகிறது என்பது. அமெரிக்க வருமான வரித்துறை 2012-இல் வெளியிட்ட 18-ஆம் எண் தீர்ப்புரை இதில் கோடு கிழித்தது. ஒரு தொகை டிப்ஸாக வேண்டுமானால் நான்கு தன்மைகளைப் பார்ப்பார்கள்: கட்டாயம் இருக்கக் கூடாது, எவ்வளவு என்பதை வாடிக்கையாளர் தீர்மானிக்க வேண்டும், பேரத்தாலோ கடையின் கொள்கையாலோ அது முடிவாகக் கூடாது, யாருக்கு என்பதும் பொதுவாக வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். ஆறு பேர் முதல் 18% என்று மெனுவில் அச்சடித்துப் பில்லில் சேர்த்தால் அது டிப்ஸ் ஆகாது, சேவைக் கட்டணம். ரசீதின் அடியில் 15, 18, 20 சதவீதம் எவ்வளவு என்று கணக்குக் காட்டிவிட்டுக் கோட்டைக் காலியாக விட்டால் அது டிப்ஸ்தான். 2014 ஜனவரியிலிருந்து இதைக் கண்டிப்பாகப் பின்பற்றத் தொடங்கினார்கள். அதன் பிறகு கட்டாயத் தொகை கடையின் வருமானம். ஊழியருக்குக் கொடுத்தால் அது சம்பளம். அன்றிரவே கைக்கு வராது, வரி பிடித்துக்கொண்டு சம்பள நாளில் வரும். ஆலிவ் கார்டன் உணவகங்களை நடத்தும் டார்டன் நிறுவனம் அந்தச் சமயத்தில் தன் பல உணவகங்களில் கட்டாய டிப்ஸை நிறுத்தி, உத்தேசத் தொகைகளை மட்டும் ரசீதில் காட்டும் முறையைச் சோதித்துப் பார்த்ததன் பின்னணி இது.

சாப்பிடுபவருக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது: டிப்ஸ் என்றால் அது ஊழியர்களுடையது, 2018-இல் திருத்திய கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளியோ மேனேஜரோ அதில் கை வைக்க முடியாது. சேவைக் கட்டணம் என்றால் அந்தப் பாதுகாப்பு கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. நல்ல கடைகள் முழுவதையும் சர்வருக்கே கொடுக்கின்றன, பல கடைகள் சமையலறையோடு பகிர்கின்றன, சில கடைகள் ஒரு பகுதியைத் தாங்கள் வைத்துக்கொள்கின்றன. பில்லை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘இந்த 18% முழுதும் உங்களுக்கு வருமா’ என்று சர்வரிடம் தாழ்ந்த குரலில் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். இதை மெனுவிலேயே எழுதி வைக்கும் கடைகளுக்கு எங்கள் மதிப்பெண் ஒரு படி கூடுதல்.

2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான புதிய வரிச் சட்டம் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. 2025 முதல் 2028 வரை, டிப்ஸ் வழக்கமுள்ள தொழில்களில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸைக் கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் விரும்பி வைத்த டிப்ஸுக்குத்தான் இந்தச் சலுகை. மாற்றவே முடியாதபடி கடை சேர்க்கும் கட்டாயத் தொகைக்கு இல்லை. ஆக, அதே 72 டாலர் கோட்டில் எழுதப்பட்டு வந்தால் சர்வருக்கு வருமான வரி இல்லாமல் போகலாம். கட்டாயமாகச் சேர்ந்து வந்தால் வரி உண்டு. இதனாலேயே கட்டாய டிப்ஸ் வேண்டாம் என்று சொல்லும் சர்வர்கள் இருப்பார்கள். இருந்தாலும் பத்துப் பேர் மேசைக்குக் கட்டாயம்தான் நல்லது என்பது எங்கள் கருத்து. வரி போக மீதி கிடைப்பது, ஒன்றுமே கிடைக்காமல் போகும் அபாயத்தைவிட மேல்.

மயாமி தனி உலகம். மயாமி பீச் பக்கம் போனால் ஆறு பேர், எட்டுப் பேர் என்ற பேச்சே கிடையாது. ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடித்தாலும் பல கடைகளில் 18 அல்லது 20 சதவீதம் சேர்ந்துவிடும். டிப்ஸ் வழக்கமில்லாத நாடுகளிலிருந்து வரும் பயணிகள் அங்கே அதிகம் என்பதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. கட்டாயமாகச் சேர்ப்பதை மெனுவிலும் பில்லிலும் தெரிவிக்க வேண்டும் என்று ஃபுளோரிடா மாநிலச் சட்டம் சொல்கிறது. தெரிவிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பல இடங்களில் மெனுவின் கடைசிப் பக்கத்தின் அடியில். அதே ரசீதில் காலி டிப்ஸ் கோடும் தவறாமல் இருக்கும். நாங்கள் சொல்லும் குறை முழு உருவத்தில் நிற்பது இங்கேதான். ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், இருவராகப் போனாலும், பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் இந்தக் கட்டாய டிப்ஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு சிக்கல். அந்நகரத்தின் ஊழியர் மருத்துவச் செலவுச் சட்டத்தைச் சாக்காக வைத்து, பில்லில் ஒரு சில சதவீதத்தைத் தனிக் கட்டணமாகச் சேர்ப்பார்கள். வேறு நகரங்களில் ‘சமையலறைப் பாராட்டுக் கட்டணம்’ என்று 3%, கார்டில் கட்டினால் 3% என்று புதிது புதிதாக முளைக்கின்றன. இவை எதுவும் சர்வரின் டிப்ஸ் அல்ல. இவற்றைக் கட்டிவிட்டோம் என்று டிப்ஸைக் குறைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், விலையில் காட்டாமல் பிறகு சேர்க்கும் கட்டணங்களுக்குத் தடை வந்தபோது உணவகங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. மெனுவில் தெளிவாகக் காட்டினால் சேர்க்கலாம் என்பது நிபந்தனை. அந்த விலக்கு தேவையற்றது என்றே நினைக்கிறோம். அந்தச் சில சதவீதத்தைப் பதார்த்த விலையிலேயே ஏற்றியிருக்கலாம்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைப்படி உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச் 28-இல் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘எடுத்துவிடுங்கள்’ என்று அங்கே சொல்வது உங்கள் உரிமை. அமெரிக்காவில் அதே தொனியில் பேசினால் வேலைக்காகாது. மெனுவில் அறிவித்துவிட்டுச் சேர்த்தால் அது நீங்கள் ஒப்புக்கொண்ட விலையின் பகுதி என்பது கடையின் நிலை. அறிவிக்காமல் சேர்த்திருந்தாலோ, சேவை படுமோசமாக இருந்தாலோ, மேனேஜரைக் கூப்பிட்டு எது தவறு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: முக்கால் மணி நேரம் தண்ணீர்கூட வரவில்லை, இரண்டு தட்டு மாறி வந்தது, கேட்ட பிறகும் மாற்றவில்லை. பெரும்பாலான மேனேஜர்கள் குறைத்தோ நீக்கியோ தருவார்கள். போலீஸ் வரை போன சம்பவங்களும் உண்டு: 2004-இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜிலும், 2009-இல் பென்சில்வேனியாவின் பெத்லகேமிலும் 18% கட்ட மறுத்தவர்களைக் கைது செய்தார்கள், இரண்டிலும் பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். சேவையில் திருப்தியில்லாமல் டிப்ஸ் மறுப்பதைத் திருட்டாக நிறுவுவது எளிதல்ல. ஆனால் கடையே சேவைக் கட்டணம் என்று தெளிவாக அறிவித்திருந்தால் இதை நம்பி எழுந்து நடக்க வேண்டாம்.

கூட்டத்தைப் பிரித்து உட்கார்ந்து தப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பேர் ஐந்தைந்தாக அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தால், ஒரே பெயரில் முன்பதிவு இருந்தால், பல கடைகள் ஒரே கூட்டமாகவே எண்ணும். தனித்தனி பில் கேட்டாலும் ஒவ்வொரு பில்லிலும் 18% இருக்கும். குழந்தைகளையும் தலைக்கணக்கில் சேர்க்கிறார்கள். உயர நாற்காலியில் உட்காரும் கைக்குழந்தையைச் சேர்ப்பதா இல்லையா என்பது கடையைப் பொறுத்தது. முன்பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை பேருக்கு மேல் கட்டாய டிப்ஸ், எத்தனை சதவீதம், பில்லை எத்தனை கார்டுகளில் பிரிப்பீர்கள். பிரிக்க வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே சர்வரிடம் சொல்லுங்கள்; சாப்பிட்டு முடித்த பிறகு பத்துப் பேருக்கும் பதார்த்தம் பதார்த்தமாகப் பிரிக்கச் சொல்வது, இரவு எட்டு மணிக் கூட்டத்தில் அவரை இருபது நிமிடம் கணினி முன் கட்டிப்போடும். ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் அவருக்கு அனுப்புவதுதான் சுலபம். அப்போது ஒவ்வொருவரும் அனுப்ப வேண்டியது மெனு விலையை அல்ல. மேலே சொன்ன கணக்கில் தன் பதார்த்த விலையை 505/400, அதாவது 1.2625-ஆல் பெருக்கினால் வரும் தொகை. 32 டாலருக்குச் சாப்பிட்டவர் 40.40 அனுப்ப வேண்டும்.

வளைகாப்பு, முதல் பிறந்தநாள் என்று அரங்கத்தோடு விருந்து பேசும்போது தொகை பெரிது, கவனமும் பெரிதாக வேண்டும். விலைப் பட்டியலில் ‘40++’ என்று இருந்தால் 40 டாலரோடு சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். அறுபது பேர் என்றால் 2,400. சேவைக் கட்டணம் 22% என்றால் 528, கூட்டினால் 2,928. சேவைக் கட்டணத்துக்கும் வரி உள்ள இடத்தில் 8% என்றால் 234.24. மொத்தம் 3,162.24, தலைக்கு 40 என்று நினைத்தது 52.70 ஆகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று இருந்தால் அது பரிமாறுபவர்களுக்குப் போகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் அப்படிப் போகாத கட்டணத்தை, இது டிப்ஸ் அல்ல என்று தெளிவாக எழுத வேண்டும் என்பது விதி. கையெழுத்திடும் முன், இந்த 22 சதவீதத்தில் ஊழியர்களுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுதும் போகிறதென்றால் வேறொன்றும் தேவையில்லை. போகவில்லை என்றால், விருந்து முடிந்ததும் பரிமாறியவர்களுக்குத் தலைக்கு 20 டாலர் அளவில் உறையில் போட்டுக் கொடுப்பது நல்லது.

மற்ற இடங்களுக்குச் சுருக்கமாக. இந்திய உணவகங்களின் மதிய பஃபேயில் நீங்களே எடுத்துச் சாப்பிட்டாலும் தண்ணீர் ஊற்றவும் தட்டு எடுக்கவும் ஆள் உண்டு, 10% போதும். கவுண்டரில் ஆர்டர் கொடுத்து நீங்களே தட்டைத் தூக்கி வரும் கடையில் திரை கேட்டாலும் வைப்பது உங்கள் விருப்பம். ஹோட்டல் அறைக்கு உணவு வரவழைத்தால் சேவைக் கட்டணமும் கொண்டுவரும் கட்டணமும் பில்லில் ஏற்கெனவே இருக்கும். அங்கேயும் ஒரு காலிக் கோடு காத்திருக்கும். பார்சலுக்கு வைக்க வேண்டும் என்ற கடமை இல்லை. ஆனால் முப்பது பேருக்குப் பிரியாணியும் குருமாவும் அலுமினியத் தட்டுகளில் அடைத்து, காரில் ஏற்றியும் தந்தால் 10% கொடுங்கள். வீட்டுக்கே கொண்டுவந்து அடுப்பும் திரியும் வைத்துச் சூடு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனால் 15%. கொண்டுவருபவர் பெரும்பாலும் கடையின் ஊழியர்தான். பில்லில் உள்ள ‘டெலிவரி’ கட்டணம் கடைக்குப் போவது என்பதால், அவருக்குரியதை ரொக்கமாக அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.